நாலேமுக்கால் வெயிலுக்கு முறை

ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை, ஊஞ்சவலசு ஊருக்கெல்லாம் பொழுது இறங்கி, மாடு கறந்து, விளக்குப் போட்டு, தட்டத்தில் சோறு விழுந்த பிறகும், துளசிமணி வீட்டு வாசலில் மட்டும் நாலேமுக்கால் மணி வெயில் போகாமல் நின்றுகொண்டிருந்தது. அதை ஊரில் முதலில் பார்த்தவள் மேகலா, ஏனென்றால் துளசிமணி வீட்டில் கோழி முட்டையிட்டால்கூட முதலில் பார்க்கிறவள் அவள்தான். துளசிமணி அவளுக்கு ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு குறுக்குச் சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு துவைக்கிற கல். கல்மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் முழுக்கத் தெரியும். அழுக்குத் துணி இல்லாத நாளிலும் மேகலா அந்தக் கல்மேல் இரண்டு தடவையாவது ஏறி இறங்குவாள்.

"ஏனுங், இங்க வந்து பாருங்களேன். அக்கா வாசல்ல வெயிலு போகமாட்டேங்குது."

"லைட்டுப் போட்டிருப்பாங்க, இறங்கு புள்ள" என்றான் அவள் புருஷன் லோகநாதன், சோற்றைப் பிசைந்தபடியே.

"லைட்டுக்கு இப்படி நெழலு விழுகுமாக்கும்? சொம்பு நெழலு தென்னை நீளத்துக்குக் கெடக்குது. இது வெயிலேதானுங்."

அவளுக்குத் தெரியும். வெயிலைப் பற்றி ஊஞ்சவலசில் அவள் அளவுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வாட்ஸ்அப்பில் சேலை விற்கத் தொடங்கியவள், சேலையைப் போட்டோ எடுத்து எடுத்துக் கை தேறி, பிறகு சேலையோடு ஆளையும் எடுத்து, பிறகு சேலையை விட்டுவிட்டு ஆளை மட்டும் எடுத்து, ஐந்து வருஷத்தில் பெண் பார்க்கக் கொடுக்கிற போட்டோ, குப்புற விழுந்த குழந்தை போட்டோ, சந்தைக்குப் போகும் எருமை போட்டோ என்று எதற்கும் "போட்டோக்கார மேகலாவக் கூப்பிடு" என்று ஊர் சொல்லும்படி ஆகியிருந்தாள். உச்சிவெயிலில் எடுத்தால் கண் இரண்டும் குழியாகிவிடும், மூக்கு நிழல் உதட்டில் விழுந்து மீசையாகிவிடும் என்று அவளுக்குத்தான் தெரியும். தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை நான்கு மூலையிலும் கட்டி வெயிலை வடிகட்டவும், மடியில் தெர்மாகோல் அட்டையை வைத்து முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கவும் அவளுக்குத்தான் வரும்.

ஆனால் அவளிடம் வெயில் இல்லை. அது அவளே தேடிக்கொண்ட வினை. பாகம் பிரித்தபோது ஊர் வழக்கப்படி அண்ணன் பங்கு வைத்தார், தம்பி எந்தப் பங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நின்றபோது, மேகலா லோகநாதன் காதில் "கிழக்கால எடுங்க, காலை வெயிலு போட்டோவுக்குத் தங்கமாட்டம் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது வயிற்றில் பிள்ளை இல்லை. தாரிணி பிறந்த பிறகு, காலை வெயில் தங்கமாய் விழுகிற நேரத்தில் அவள் இட்லிச் சட்டிக்கு முன்னால் நின்றாள், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டாள், புருஷனுக்குப் தூக்குப்போசியில் சோறு கட்டினாள். எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மணி பதினொன்று, வெயில் உச்சந்தலையில் நின்று ஊருக்கெல்லாம் மீசை வரைந்துகொண்டிருக்கும். வேலை ஒழிந்து, நாலு பேர் சீவிச் சிங்காரித்து வருகிற சாயங்காலத்தில், அவள் வாசல் முழுக்கக் குறுக்குச் சுவரின் நிழலில் முங்கிக் கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், மேற்குப் பங்கில், வெயில் உருக்கிய நெய்யாகச் சாய்ந்து, ஒன்றும் தெரியாத துளசிமணியின் காய்ந்த மிளகாய்மேலும் கவிழ்த்த அண்டாமேலும் வழியும். அந்த வெயிலில் துளசிமணி வீட்டு விளக்குமாறுகூட அழகாக இருந்தது. அதைக் கல்மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிற ஒவ்வொரு நாளும் மேகலா துவைத்த துணியையே எடுத்து மறுபடி கல்லில் அடிப்பாள்.

இப்போது அந்த வெயில் அங்கேயே குடி வந்துவிட்டது.

மறுநாள் விடிந்தும் அங்கே நாலேமுக்கால்தான். உச்சியிலும் நாலேமுக்கால்தான், ஊரெல்லாம் நிழல் காலடியில் சுருண்டு கிடக்க, துளசிமணி வாசலில் கோழியின் நிழல் குதிரை அளவுக்குக் கிழக்கே நீண்டது. அந்திமந்தாரை மூடவே இல்லை. முல்லை, இதோ வெடிக்கிறேன் என்ற பதத்திலேயே மொட்டு மொட்டாக நின்றது. ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் வடகப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தது. வடகம் காயவில்லை; அந்த வெயிலில் பார்வைக்குத்தான் சூடு, கைக்கு இல்லை. "காயப்போட ஆகாத வெயிலு என்னத்துக்கு ஆகும்?" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போன பெண்கள், போகிற போக்கில் ஒரு செல்பி எடுத்துப் பார்த்தார்கள்; பார்த்ததும் பாயைக் கீழே வைத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கரண்ட் ஆபீஸ்காரர் வந்து கம்பத்தையும் மீட்டரையும் பார்த்து, இது நம்ம இலாகா இல்லை என்று சொல்லி, சட்டைக் காலரைச் சரி செய்து தன்னையும் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். ஜோசியர் வந்தார். உள்ளே எப்போதும் புதன்கிழமை நாலேமுக்கால் என்பதால் ராகுகாலமும் இல்லை, எமகண்டமும் இல்லை என்று அவர் விரல் விட்டுச் சொன்னது முதல், நல்ல நேரம் தவறிப்போன பெண் வீட்டு, மாப்பிள்ளை வீட்டு ஓரம்பரைக்காரர்கள் எல்லாம் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு துளசிமணி வாசலுக்கு வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். வயசானவர்கள் வேட்டி மாற்றி, திருநீறு பூசி வந்து, "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிளக்ஸ் அடிக்க நல்ல மூஞ்சி ஒண்ணு வேணுமல்ல" என்று சிரித்தபடி நின்றார்கள். யார் எந்தப் போனில் எடுத்தாலும், கை நடுங்கினாலும், கண்ணாடியில் மாவு அப்பியிருந்தாலும், அந்த வெயிலில் எல்லாரும் நல்லவர்கள் போலத் தெரிந்தார்கள்.

மேகலாவை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வெள்ளை வேட்டி கொடியில் தொங்கியது. தெர்மாகோல் அட்டையில் தாரிணி கலர் பென்சிலால் ஓட்டை போட்டாள்.

"நீயும் போய் அங்க எடுக்கறதுதான? அண்ணி வேண்டாம்னா சொல்லுவாங்க?" என்றான் லோகநாதன்.

"நானெதுக்குப் போறேன்? பாகம் பிரிச்சு அஞ்சு வருஷமாச்சு, அந்தப் படி மிதிச்சிருக்கறனா? வெளிச்சம் இருந்தா ஆச்சா, எடுக்கத் தெரிய வேண்டாமா? அக்காவுக்குப் போனைப் புடிக்கவே தெரியாது. கட்டை விரலு பாதி படத்துல வந்து நிக்கும்."

அது உண்மைதான். அதற்கு இரண்டு நாள் கழித்து லோகநாதன் போனில் மேகலா பார்த்த படத்திலும் துளசிமணியின் கட்டை விரல் பாதி வந்து நின்றது. மீதிப் பாதியில் தாரிணி இருந்தாள். பெரியம்மா வீட்டுக்கு எந்நேரமும் ஓடுகிற பிள்ளை, எந்நேரமோ அந்த வாசலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றிருக்கிறாள். படம் சாய்ந்திருந்தது, பாதி கலங்கியிருந்தது. ஆனால் பிள்ளையின் ஒவ்வொரு முடியிலும் வெயில் தனித்தனியாக நின்றது. கண்மணிக்குள் ஒரு பொட்டு வெளிச்சம். வாயோரத்து முறுக்குத் தூள்கூடப் பொன் தூளாக இருந்தது. தன் பிள்ளை இத்தனை அழகா என்று மேகலா ஒரு விநாடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், அடுத்த விநாடி தெரிந்தது, லோகநாதன் அதைத்தான் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறான் என்று. அதுவரை அங்கே இருந்தது மேகலா எடுத்த படம். வேட்டி கட்டி, அட்டை பிடித்து, ஒரு மணி நேரம் கிலுகிலுப்பை ஆட்டி எடுத்த படம்.

"ஏன், இது நல்லாத்தான இருக்குது?" என்றான் அவன்.

மேகலா பொரியல் சட்டியைச் சற்றுச் சத்தமாக இறக்கி வைத்தாள். அன்று முதல் அவளுக்கு வேண்டியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு அங்கே வைக்கும்படி, தன் கையால், தன் வாசலில், தன் பிள்ளையை ஒரு படம்.

வாய்க்கால் தண்ணீருக்கு முறை சொல்லுகிற நாச்சிமுத்துவிடம் போய் அவள் கேட்டாள். மொபெட்டின் பின்னால் மண்வெட்டி கட்டியபடியே ஊரைச் சுற்றுகிற மனுஷன். எந்த நாள் எந்தக் காட்டுக்கு மடை திறக்கும், எந்த நாழியில் அடைக்கும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

"கெணத்தப் பங்கு போட்டாங்க, பாதையப் பங்கு போட்டாங்க, முருங்கை மரத்தப் பங்கு போட்டாங்க. வெயிலப் பங்கு போடலைங்களே மாமா. பத்திரத்துல அது இல்லியே. அப்ப அது பொதுதானுங்களே?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். ஊர் கூடியது. துளசிமணி புருஷன், "நானா கூட்டியாந்தேன்? அதுவா வந்து உக்காந்துக்குச்சு" என்றார். துளசிமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். "மேக்கால் காட்டுக்காரன் காட்டு வழியா வருதுன்னு தண்ணிய அவனே வெச்சுக்க உடறமா? வெளிச்சத்துக்கு மட்டும் வேற நாயமா?" என்று நாச்சிமுத்து தீர்ப்புச் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பொது. குறுக்குச் சுவரின் அடியில் ஒரு கல்லை உருவி மடை வைப்பது. பலகை போட்டு அடைப்பது. பலகையை முறைக்காரர் தவிர யாரும் தொடக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை நாச்சிமுத்து வந்து, வாய்க்கால் மடைக்கு வெட்டுவது போலவே எச்சில் துப்பிக் கையைத் தேய்த்துக்கொண்டு, சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தார். வெயில் உடனே வரவில்லை. வறண்ட வாய்க்காலில் தண்ணீர் வருவது போல, முதலில் ஒரு நாக்கு அளவு வெளியே வந்து, மண்ணை முகர்ந்து, ஒரு வைக்கோல் துரும்பைச் சிவப்பாக்கி, தயங்கி, பிறகு துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, சரசரவென்று பரவி, கணுக்கால் ஏறி, முட்டி ஏறி, இடுப்பு ஏறி, அரை மணி நேரத்தில் மேகலாவின் வாசல் நாலேமுக்கால் மணியால் நிரம்பியது. தாரிணி அதில் காலால் அளைந்து குதித்தாள். அந்தப் பக்கம் துளசிமணி வாசல் வடிந்து, ஊரைப் போலவே காலை ஒன்பது மணி ஆனது. வந்திருந்தவர்கள், "பரவால்ல, கசிவு இல்லாம வந்திருச்சு" என்று காபி குடித்துவிட்டுக் களை வெட்டப் போனார்கள்.

மேகலா இட்லிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைக்குச் சிவப்புப் பாவாடை கட்டி, கதவுக்கு முன்னால் உட்கார வைத்து, எடுத்தாள். முப்பது படம். உள்ளே போய்ப் பார்த்தாள்.

முப்பது படத்திலும் தாரிணிக்குப் பின்னால், சுவரில், ஒரு பெண்பிள்ளையின் நிழல் விழுந்திருந்தது. குட்டையான கொண்டை, ஒரு கை இடுப்பில், கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டு. ஊஞ்சவலசில் அப்படி நிற்கிறவள் ஒருத்திதான்.

மேகலா கல்மேல் ஏறினாள். அந்தப் பக்கம் ஆளில்லை. இறங்கி மறுபடி எடுத்தாள். நிழல் இந்தத் தடவை பிள்ளைக்கு வலப்பக்கம் வந்து குனிந்து நின்றது. அடுத்த முறை நாளில் கதவை விட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார வைத்து எடுத்தாள். நிழல் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றது. பின்னால் சேலையைத் தொங்கவிட்டு எடுத்தால் சேலையில் விழுந்தது. ஊர்க்காரர்கள் இங்கேயும் வந்து எடுத்துப் பார்த்தார்கள். எல்லார் படத்திலும் அந்த நிழல் இருந்தது. அவர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "செம்மண் காட்டு வழியா வர்ற தண்ணி செவந்துதான் வரும். அங்க இத்தனை நாள் கெடந்த வெயிலல்ல" என்றார் நாச்சிமுத்து. ஒரு கிழவர் மட்டும், "என்ற பிளக்ஸுல துளசிமணி எதுக்கு நிக்கறா, என்ற பொண்டாட்டி சண்டைக்கு வருவா" என்று படத்தை அழித்துவிட்டுப் போனார்.

மேகலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெயிலைக் கொடுத்த அக்கா நிழலை நட்டு வைத்துக்கொண்டாள்! இடத்தைப் பிரித்து, அடுப்பைப் பிரித்து, சுவரும் வைத்து, கடைசியில் தன் பிள்ளையின் படத்துக்குள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாளே. அடுத்த முறை நாளில் அவள் வீட்டிலிருந்த வெள்ளை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தாள். மூன்று வேட்டி, இரண்டு போர்வை, நான்கு தெர்மாகோல், பீரோக் கண்ணாடி, எவர்சில்வர் தாம்பாளம். நாலாபக்கமும் நிறுத்தி, வெயிலை அடித்து, திருப்பி, மறுபடி அடித்து, நிழல் ஒண்ட ஓர் இடம் இல்லாமல் துரத்தினாள். நிழல் போய்விட்டது. கூடவே எல்லாம் போய்விட்டது. படத்தில் பிள்ளையின் முகம் ஊற்றி வைத்த தோசை மாவாக இருந்தது. மூக்கு இல்லை, கன்னக்குழி இல்லை, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கோடு இல்லை. கண் இரண்டும் மாவில் போட்ட மிளகு.

தாரிணி எட்டிப் பார்த்து, "இது ஆரும்மா?" என்றாள்.

அப்போதுதான் மேகலா தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஐந்து வருஷமாக மிதிக்காத படியை மிதித்து, துளசிமணி வாசலுக்குப் போனாள். துளசிமணி உரலடியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே சாதாரணக் காலை வெயில், சாதாரணச் சூட்டோடு.

"ஏனக்கா, உங்களுக்கு என்ன பண்ணினேன் நானு? என்ற புள்ளைய ஒரு போட்டோ எடுக்க உடமாட்டீங்களா? எந்தப் பக்கம் திருப்புனாலும் நீங்களே வந்து நிக்கறீங்க!"

"நானெங்கடி நிக்கறேன்? வெடிஞ்சதுல இருந்து கடலை உரிக்கறேன். வெரலப் பாரு."

"உங்க நெழலு நிக்குதே!"

துளசிமணி கடலைத் தோலை ஊதினாள். ரொம்ப நேரம் ஊதினாள்.

"நின்னா நின்னுட்டுப் போகுது" என்றாள். "நீதான் என்னெ நிக்க வெச்சதே இல்லியே."

"என்னத்துக்கு நிக்க வெக்கோணும்?"

"அஞ்சு வருசமா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம், 'கொஞ்சம் திரும்புங், தாடையத் தூக்குங், ஆ, அப்பிடியே'ன்னு ஊரையே நிக்க வெச்சு எடுத்தே. நான் இங்க பாத்திரம் வெளக்கிட்டே கேப்பேன். கொசவன் வீட்டுப் புள்ளைய எடுத்தே, வளையக்காரிய எடுத்தே. ரங்கசாமி எருமைய எடுத்தே புள்ள! எருமைக்குத் தாடையத் தூக்கச் சொன்னே, எனக்குக் கேட்டுச்சு. ஒரு நாளு, 'அக்கா, நீங்களும் வாங்க'ன்னு சொல்லுவியான்னு பார்த்தேன். எனக்குக் கல்யாணப் போட்டோவுக்கு அப்பறம் ஒரு போட்டோ கெடையாது, தெரியுமா? ரேசன் கார்டுல இருக்கறது பேயாட்ட இருக்கும்."

மேகலா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"கேட்டிருந்தா எடுத்திருப்பனுங்."

"கேட்டு எடுத்துக்கற போட்டோவா அது?"

இருவருக்கும் நடுவில் தாரிணி மட்டும் கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ற முறைதான், வாங்க" என்றாள் மேகலா கடைசியில், கடன்காரியைக் கூப்பிடுகிற குரலில். "இப்பிடியே வாங்க. சேலை மாத்த வேண்டாம். உங்க விசேசத்து மஞ்சப் புடவை இந்த வெயிலுக்கு எடுக்காது, கட்டியிருக்கற இந்த அரக்குத்தான் நல்லது."

துளசிமணி வந்தாள். பாகம் பிரித்த பிறகு முதல் தடவையாக மேகலா வாசலில் நின்று, வேட்டிகளையும் கண்ணாடியையும் பார்த்து, "சலவைக்கடை வெச்சிருக்கியா?" என்றாள். மேகலா எல்லாவற்றையும் சுருட்டி வீசினாள். கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் துளசிமணியை மடைக்குச் சாய்வாக உட்கார வைத்தாள். "கொஞ்சம் திரும்புங். தாடையத் தூக்குங்." துளசிமணி தாடையைத் தூக்கினாள்; கழுத்து நரம்பு புடைத்தது; வாய் இறுகியது. போலீசில் கொடுக்கிற போட்டோ மாதிரி இருந்தது. ஆனால் நிழல், உடம்பைக் கண்டதும், சுவரைவிட்டு இறங்கி வந்து அவள் காலடியில் ஒட்டிக்கொண்டது. மேகலா அதைப் பார்த்தாள், பார்க்காதது போலப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தாரிணிக்கு அலுத்துவிட்டது. அவள் பாட்டுக்கு வந்து பெரியம்மாவின் முழங்காலில் சாய்ந்து, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, "பெரீம்மா, எருமை எப்படித் தாடையத் தூக்குச்சு?" என்று கேட்டாள். துளசிமணி போனை மறந்தாள். எருமையைப் போலக் கழுத்தை நீட்டி, கண்ணைச் செருகி, மூக்கைத் தூக்கிக் காட்டினாள், பிள்ளை சிரித்தது, பெரியவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில், பல் மூடிக் கண்ணில் மட்டும் மிச்சம் நிற்கிற இடத்தில், மேகலாவின் விரல் தானாக அழுத்தியது.

எடுத்ததைப் பார்க்கும்முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி இப்படி ஒரு படம் தன் கையில் வராது என்று. மேற்கிலிருந்து வந்த வெயில் துளசிமணியின் தோளில் தட்டி, காதோரத்து நரையைப் பற்றவைத்து, அவளைத் தாண்டிப் பிள்ளையின் முகத்துக்கு வந்திருந்தது. பிள்ளைக்கு ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் துளசிமணி. அந்த நிழல் விழுந்த பக்கத்தில்தான் மூக்கு எழுந்து நின்றது, குழி விழுந்தது, இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது. எல்லாம் சரி. ஆனால் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது துளசிமணியை. ஒரு பிள்ளை யாரை அப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துச்சா?" என்றாள் துளசிமணி.

"சுமாருங். அப்பறமா அனுப்பறேன்" என்றாள் மேகலா.

அனுப்பவில்லை. அன்று மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, விரலால் படத்தின் ஓரத்தை நகர்த்தினாள். கொண்டை போயிற்று, நரை போயிற்று, எருமைச் சிரிப்பு போயிற்று, தோள் போயிற்று, முழங்கால் போயிற்று. பிள்ளை மட்டும் நின்றாள், மேலே எதையோ கண்டு மலர்ந்தவளாக. சாமியைப் பார்க்கிறாள் என்றும் சொல்லலாம், கிளியைப் பார்க்கிறாள் என்றும் சொல்லலாம். லோகநாதன் பார்த்ததும், "அடேங்கப்பா" என்று கட்டை விரல் படத்தை எடுத்துவிட்டு இதை முகப்பில் வைத்தான். ஊரெல்லாம் கேட்டது. "மேகலா எடுத்ததாமா?" "ஆமா, மேகலாதான்." மூன்று நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சேலைக்கார குரூப்பில் இதயமாக வந்து குவிந்தது.

நிழல் அதற்குப் பிறகு யார் படத்திலும் வந்து நிற்கவில்லை. வெயிலும் அதிக நாள் இருக்கவில்லை. தை பிறந்து வாய்க்காலை அடைத்த அன்று, தண்ணீர் வடிவது போல அதுவும் வடிந்துவிட்டது. துளசிமணி வாசலில் நாலேமுக்கால் நாலே ஐம்பதாகி, ஐந்தாகி, இருட்டி, விடிந்ததும் அந்திமந்தாரை இத்தனை நாள் தூக்கத்தையும் சேர்த்து மூடிக்கொண்டது. "அடுத்த முறைக்குத் திறப்பாங்க" என்று நாச்சிமுத்து மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். யாரும் மடைக் கல்லைத் திரும்ப வைக்கவில்லை. அது வழியாகக் கோழிகள் போய் வந்தன.

அது வழியாகத்தான் ஒரு நாள் குரலும் வந்தது. மேகலா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"மேகலா."

"சொல்லுங்க்கா."

"உன்ற வீட்டுக்காரரு போன்ல பாப்பா படம் பார்த்தேன்."

மேகலா சோப்பைத் துணியில் தேய்த்தாள். தேய்த்த இடத்திலேயே தேய்த்தாள்.

"நல்லா இருக்குது" என்றது சுவர். கொஞ்சம் பொறுத்து, "என்னெ வெட்டி எடுத்துட்டே, சரி. என்ற நெழல மட்டும் எதுக்கு உட்டு வெச்சே?"

பொய் சொல்ல நாலைந்து வழி இருந்தது. ஆனால் வெயில் விஷயத்தில் மேகலாவுக்குப் பொய் வராது.

"அதையும் எடுத்தா, பாப்பாவுக்கு மூஞ்சியே இருக்காதுங்க்கா."

மேகலா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, முழுப் படத்தையும், வெட்டாததை, நரையும் எருமைச் சிரிப்பும் பிள்ளையின் பார்வையும் உள்ளதை, தேடி எடுத்தாள். ஒரு தடவை பார்த்தாள். அனுப்பிவிட்டாள். சுவருக்கு அப்பால் துளசிமணியின் போன் சத்தம் போட்டது.

மேகலா காத்திருந்தாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் போல ஒன்று கேட்டது, சிரிப்புப் போலவும் இருந்தது. வெயில் மேற்கே சாய்ந்திருந்தது, சாதாரண வெயில், சாதாரண நாலேமுக்கால். அது இப்போது துளசிமணியின் முகத்தில் எந்தப் பக்கம் விழும், எந்தக் கன்னம் மின்னும், கண்ணில் எங்கே ஒரு பொட்டு நிற்கும் என்று மேகலாவுக்குப் பார்க்காமலே தெரியும். அந்த முகத்தை இந்த நேரத்தில் பார்ப்பது ஒரு போன் மட்டும்தான் என்று நினைத்தபோது, அந்தப் போன்மேல் அவளுக்கு வந்த பொறாமையை என்ன செய்வதென்று தெரியாமல், போட்டது போட்டபடி, சோப்பு நுரையோடு, அவள் கல்மேல் ஏறினாள்.